லண்டனில் பழைய வாடகை வீடு: குளிர்காலத்துக்கு முன் என்ன செய்யலாம்?

கேள்வி: ஈஸ்ட்ஹாமில் 1905 வாக்கில் கட்டிய வரிசை வீடு ஒன்றுக்கு ஜூலையில் குடிவந்தோம். மனைவி நர்ஸ், மாதத்தில் பாதி நாள் இரவு ஷிஃப்ட். ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. முன்பு இருந்தவர்களுக்குக் குளிர்காலத்தில் கேஸ் பில் கட்டி மாளவில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். ஜன்னல்களை மாற்றித் தர முடியாது என்று ஓனர் சொல்லிவிட்டார். வாடகைக்கு இருக்கும் நாங்கள் அதிகம் செலவழிக்காமல் என்ன செய்ய முடியும்?

பதில்:

தம்பி, குளிர் தொடங்குவதற்கு முன்பே கேட்டது நல்லதாகப் போயிற்று. நான் இந்த ஊரில் பதினாறு வருடமாக, கேஸில் தண்ணீரைச் சூடாக்கும் பாய்லர், அந்த வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர், இந்த வேலைதான் பார்க்கிறேன். போகிற வீடுகளில் பெரும்பாலானவை உங்கள் வீட்டைப் போன்றவைதான். ஜனவரியில் கூப்பிட்டு, "பாய்லர் நாள் முழுக்க ஓடுகிறது, வீடு மட்டும் சூடாகவே இல்லை" என்பார்கள். போய்ப் பார்த்தால் பாய்லரில் ஒரு குறையும் இருக்காது. வாசல் கதவுக்கு அடியில் இரண்டு விரல் நுழையும்.

ஜன்னல் மாறாதது பெரிய நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். பழைய வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது இடுக்கு வழியாக வரும் காற்று. அதை அடைக்க ஐம்பது முதல் நூறு பவுண்டுக்குள் முடியும், ஓனர் அனுமதியும் பெரும்பாலும் தேவைப்படாது.

முதலில் வெளியே நின்று சுவரைப் பாருங்கள். செங்கல் வரிசையில் நீளமான முகமும் குட்டையான முகமும் மாறி மாறித் தெரிந்தால் அது ஒன்பது அங்குலக் கெட்டிச் சுவர். நடுவில் இடைவெளி கிடையாது. முதல் உலகப் போருக்கு முன் கட்டிய வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான். பிற்காலத்து வீடுகளில் இரண்டு சுவருக்கு நடுவே விட்ட இடத்தில் பஞ்சு அடைக்கலாம், இதில் அது முடியாது. ஆகவே "சுவருக்கு இன்சுலேஷன் போட்டுத் தருகிறோம்" என்று கதவைத் தட்டுகிறவர்களிடம் நீங்களாக எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள். அது ஓனர் முடிவு செய்ய வேண்டியது.

அப்புறம், நம் வீடுகளில் எப்போதும் இருக்கும் ஒரு பொருளை எடுங்கள்: ஊதுபத்தி. நல்ல காற்று அடிக்கும் ஒரு நாளில் எல்லா ஜன்னல்களையும் சாத்திவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு விளிம்பாக மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை நேராக எழும்பினால் அந்த இடம் சரியாக இருக்கிறது. சாய்ந்து ஓடினால் அங்கே இடுக்கு. திரைச்சீலைப் பக்கம் மட்டும் கவனமாக இருங்கள். வாசல் கதவின் நான்கு ஓரம், லெட்டர்பாக்ஸ், சாவித் துவாரம், ஜன்னலின் மேல் கண்ணாடிச் சட்டமும் கீழ்ச் சட்டமும் சந்திக்கும் இடம், தரைப் பலகைக்கும் சுவரோரப் பலகைக்கும் நடுவே, லாஃப்ட் (கூரைக்கு அடியில் உள்ள பரண்) மூடி, சிங்க்குக்கு அடியில் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டை, இவற்றையெல்லாம் பாருங்கள். கண்ட இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள்.

வேலையை வாசலில் தொடங்குங்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த வீடுகளில், சூட்டை அளந்து பாய்லரை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட்டைப் பெரும்பாலும் வாசலை ஒட்டிய நடையில்தான் மாட்டியிருப்பார்கள். கதவிடுக்கில் வரும் குளிர்காற்று நேராக அதன் மேல் படும். முன்னறை 21 டிகிரிக்கு வந்த பிறகும் நடையில் 16 டிகிரிதான் இருக்கும். அந்தப் பதினாறைப் பார்த்துக்கொண்டு பாய்லர் ஓடிக்கொண்டே இருக்கும். கதவைச் சுற்றி ஒட்டும் ரப்பர் பட்டை, அடியில் பிரஷ் பட்டை, லெட்டர்பாக்ஸுக்குள் பக்கம் ஒரு பிரஷ் மூடி, சாவித் துவாரத்துக்கு ஒரு சின்னத் தகடு. எல்லாம் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். உள்ளறைக் கதவுகளுக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, உள்ளே கிழிந்த வேட்டி, பழைய துணிகளைத் திணித்துத் தைத்துக் கதவடியில் போட்டால் போதும்.

உங்களுடையது மேலும் கீழும் நகரும் மரச் சாஷ் ஜன்னலாக இருந்தால், காற்றில் அது கடகடவென்று ஆடும். இரண்டு சட்டமும் சந்திக்கும் இடத்தில் உள்ள கொக்கியை இறுக்கினால் பாதி ஆட்டம் அடங்கும். மீதிக்கு நுரைப் பட்டை. அதற்கு மேல், ஒற்றைக் கண்ணாடியாக இருந்தால் சுருங்கும் பிளாஸ்டிக் ஷீட் போடலாம். ஜன்னல் சட்டத்தைச் சுற்றி இருபக்க டேப் ஒட்டி, ஷீட்டை அதில் பதித்து, ஹேர் ட்ரையரால் சூடு காட்டினால் சுருக்கமில்லாமல் இறுகிவிடும். கண்ணாடிக்கும் ஷீட்டுக்கும் நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. மார்ச்சில் கிழித்துப் போட்டுவிடலாம். பழைய பெயின்ட் டேப்போடு உரிந்து வர வாய்ப்புண்டு, அதனால் ஒரு மூலையில் ஒட்டிப் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள், டெபாசிட்டில் பிடித்துவிடுவார்கள். ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு ஜன்னலாவது உடனே திறக்கும்படி இருக்கட்டும். தீ பிடித்தால் அதுதான் வழி.

திரைச்சீலை கனமாக, உள்துணி வைத்ததாக இருந்தால் நல்லது. பொழுது சாய்ந்ததும் இழுத்து விடுங்கள். டிசம்பரில் இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும். ஜன்னலுக்கு அடியில் ரேடியேட்டர் இருந்தால் திரை அதை மூடித் தொங்கக் கூடாது. தொங்கினால் ரேடியேட்டரின் சூடு முழுவதும் திரைக்குப் பின்னால் போய்க் கண்ணாடி வழியே தெருவுக்குப் போகும். திரையை ஜன்னல் திண்டின் மேல் மடித்து விடுங்கள், அல்லது மடித்துத் தைத்துக் குட்டையாக்குங்கள். சோபாவையும் ரேடியேட்டரை ஒட்டிப் போட வேண்டாம்.

முன்னறையில் பழைய கணப்பு இருக்கிறதா? அதன் புகைபோக்கி திறந்திருந்தால், ஒரு சின்ன ஜன்னலை இரவும் பகலும் திறந்து வைத்த மாதிரி. உள்ளே தலையை நீட்டி மேலே பாருங்கள், காற்று முகத்தில் அடிக்கும். இதற்கென்று காற்றடைக்கும் பலூனும் ஆட்டு ரோம அடைப்பானும் விற்கிறார்கள். நான் ரோமத்தைத்தான் சொல்வேன். புகைபோக்கிக்குக் கொஞ்சம் காற்றோட்டம் இல்லாவிட்டால் உள்ளே ஓதம் ஏறும், ரோமம் அந்த அளவு காற்றை விடும். அடைத்திருப்பதை ஒரு சீட்டில் எழுதி முன்னால் தொங்கவிடுங்கள், தெரியாமல் யாரும் நெருப்பு மூட்டிவிடக் கூடாது. அந்தக் கணப்பில் கேஸ் ஃபயர் பொருத்தி அது வேலை செய்துகொண்டிருந்தால் புகைபோக்கியில் கையே வைக்காதீர்கள். அடைத்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு அறைக்குள் திரும்பும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

இதே கண்டிப்போடு இன்னொன்றும் சொல்கிறேன். வெளிச்சுவரின் அடியில், தரையை ஒட்டி ஓட்டைகள் போட்ட செங்கல் தெரியும். அதை அடைக்கக் கூடாது. உங்கள் தரைப் பலகை மரச்சட்டங்களின் மேல் நிற்கிறது, அதற்குக் கீழே காற்று ஓடினால்தான் மரம் உளுக்காமல் இருக்கும். பலகைகளுக்கு இடையில் வரும் காற்றை மேலிருந்துதான் தடுக்க வேண்டும்: இடுக்குக்கான ரப்பர் நாடா, இல்லாவிட்டால் தடித்த கம்பளம். குளியலறை, சமையலறை ஃபேன்களையும், ஜன்னல் மேல் உள்ள சின்னக் காற்றுத் திறப்புகளையும் அடைக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் நான் அதைத்தான் செய்தேன். அப்போது இந்தத் தொழில் எனக்குத் தெரியாது. குளிர் தாங்காமல் திறப்பு ஒன்று விடாமல் டேப் ஒட்டினேன். பிப்ரவரியில் அலமாரியை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. மேலே பெட்டியில் வைத்திருந்த என் மனைவியின் கல்யாணப் பட்டுப்புடவையிலும் ஏறியிருந்தது. அந்தக் கறை இன்று வரை போகவில்லை.

அதனால் இடுக்கு அடைத்த வீட்டில் ஈரத்தைக் கணக்குப் பார்த்து வெளியேற்ற வேண்டும். ஒரு தடவை துவைத்த துணியை வீட்டுக்குள் காயப்போட்டால் சுமார் 2 லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. நம் சமையலோ ஆவிச் சமையல். சோறு வடிப்பது, இட்லி அவிப்பது, ரசம் கொதிப்பது எல்லாம் ஒரே காலையில் நடக்கும். அந்த ஆவி மாடிக்கு ஏறி, வீட்டிலேயே குளிர்ந்த சுவர் எதுவோ அங்கே தண்ணீராக நிற்கும். சமைக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்துங்கள், பாத்திரத்தை மூடுங்கள், ஃபேனை ஓடவிடுங்கள், அடுப்பை அணைத்த பிறகும் கால் மணி நேரம் அது ஓடட்டும். குளித்த பிறகு பத்து நிமிடம் ஜன்னலை அகலத் திறந்து மூடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் போவது ஈரக்காற்று. சுவரில் ஏறிய சூடு அவ்வளவு சீக்கிரம் போகாது. நாள் முழுக்க ஒருக்களித்துத் திறந்து வைப்பதுதான் காசைத் தின்னும். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள்.

பத்துப் பவுண்டுக்குள் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி கிடைக்கும். 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. தொடர்ந்து 65, 70 காட்டினால் ஈரம் உறிஞ்சும் மிஷின் ஒன்று வாங்கலாம். சாதாரண வீட்டு மிஷின் 200 வாட் அளவில்தான் இழுக்கும். ஒரு அறைக்குள் துணியைப் போட்டு, கதவைச் சாத்தி, இதை ஓடவிட்டால் துணியும் காயும், சுவரும் தப்பிக்கும். குழந்தை இருக்கிற வீட்டில் இது வீண் செலவு கிடையாது.

சரி, இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். பாய்லருக்கு முன்னால் நின்று பாருங்கள். தண்ணீர்த் தொட்டி எதுவும் இல்லாமல் குழாய் திறந்ததும் அதுவே வெந்நீர் தந்தால் அது காம்பி பாய்லர். அதில் இரண்டு திருகோ இரண்டு பட்டனோ இருக்கும்: குழாய்ப் படம் வெந்நீருக்கு, ரேடியேட்டர் படம் அறைச் சூட்டுக்கு. ரேடியேட்டர் பக்கம் பெரும்பாலும் 75, 80 டிகிரியில் விட்டிருப்பார்கள். அதை 60க்குக் குறையுங்கள். 2005க்குப் பிறகு இங்கே பொருத்தியவை பெரும்பாலும் கண்டென்சிங் பாய்லர்கள். புகையோடு போகும் ஆவியைக் குளிர வைத்து அதன் சூட்டையும் திரும்ப எடுப்பதுதான் இவற்றின் சிறப்பு. ரேடியேட்டரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நன்றாக நடக்கும். 80இல் ஓட்டினால் அந்த வசதிக்குக் கொடுத்த காசு புகையாகத்தான் போகிறது. அறை சூடாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், எழுந்திருப்பதற்கு அரை மணி முன்னதாக டைமரை வையுங்கள். கடுங்குளிர் வாரத்தில் 65க்கு ஏற்றிக்கொள்ளலாம். வீட்டில் தனியாக வெந்நீர்த் தொட்டி இருந்தால் மட்டும் இப்படிக் குறைக்காதீர்கள். தொட்டி நீர் 60 டிகிரி வரை சூடாக வேண்டும், இல்லாவிட்டால் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும்.

ரேடியேட்டரைக் கையால் தடவிப் பாருங்கள். மேல் பகுதி குளிர்ந்து கீழே சூடாக இருந்தால் உள்ளே காற்று. ஹீட்டிங்கை அணைத்து, ஆறிய பிறகு, ரேடியேட்டருக்கென்றே விற்கும் சின்னச் சாவியை மேல் முனையில் போட்டு இடப்பக்கம் அரைச் சுற்றுத் திருப்புங்கள். உஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடுங்கள். முடித்ததும் பாய்லரின் பிரஷரைப் பாருங்கள், ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அளவு) என்பதற்குள் இருக்க வேண்டும். மாறாக, மேலே சூடும் அடியில் குளிரும் என்றால் உள்ளே சேறு தேங்கியிருக்கிறது. அதைக் கழுவிச் சுத்தம் செய்வது ஓனர் வேலை. பிரஷர் வாராவாரம் இறங்கினாலும் அப்படித்தான், எங்கோ கசிகிறது, ஓனருக்குச் சொல்லுங்கள்.

"நாள் முழுக்கக் குறைவாக ஓடவிட்டால் மிச்சம்" என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. வீடு எவ்வளவு நேரம் வெளியைவிடச் சூடாக இருக்கிறதோ அவ்வளவு நேரமும் சூடு வெளியே போகிறது. ஆள் இல்லாத வீட்டைச் சூடாக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் வீட்டில் பகலிலும் குழந்தை இருக்கும், மனைவி இரவு வேலை முடிந்து பகலில் தூங்குவார். அதனால் பகலில் 18, 19 டிகிரி வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்ன கீழ் அளவு 18, குழந்தை இருக்கும் வீட்டில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். குழந்தை தூங்கும் அறைக்கு 16 முதல் 20 டிகிரி என்று இங்கே சொல்வார்கள். இரவில் முழுதாக அணைக்காமல் 16இல் விடுங்கள். கெட்டிச் சுவர் ஒரேயடியாகக் குளிர்ந்தால் காலையில் அதில் ஈரம் நிற்கும். காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று குழந்தையைக் குளிரில் வைத்துவிடாதீர்கள்.

ரேடியேட்டர் ஓரத்துத் திருகில் உள்ள எண்கள் வேகத்தைக் காட்டுவதில்லை, அந்த அறை எத்தனை டிகிரியில் நிற்க வேண்டும் என்பதற்கானவை. 3 என்றால் ஏறக்குறைய 20. 5இல் வைத்தால் சீக்கிரம் சூடாகிவிடாது. புழங்காத அறையில் 1இல் விடுங்கள், ஒரேயடியாக மூடினால் அந்த அறைச் சுவரில் பூஞ்சை வரும். தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்து ரேடியேட்டரை மட்டும் முழுதாகத் திறந்தே வையுங்கள்.

கரன்ட் ஹீட்டர் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இங்கே ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் கேஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. ஒரு நாள் பாய்லர் கெட்டால் உதவும் என்று ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், தினமும் போட வேண்டாம். மின்சாரப் போர்வை அப்படியில்லை. 100 வாட் அளவில்தான் எடுக்கும், பெரியவர்கள் படுக்கையில் அரை மணி போட்டு அணைத்தால் போதும். சின்னக் குழந்தைக்குக் கூடாது. கரி அடுப்பு, கேம்பிங் அடுப்பு எதையும் சூட்டுக்காக வீட்டுக்குள் ஏற்றாதீர்கள்.

ஓனர் விஷயம். அவர் நல்ல மனிதரோ இல்லையோ, சட்டப்படி செய்ய வேண்டியவை சில உண்டு. 1985ஆம் வருடத்து வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி ஹீட்டிங்கும் வெந்நீரும் பழுதில்லாமல் வைத்திருப்பது அவர் பொறுப்பு. வருடத்துக்கு ஒரு முறை கேஸ் வேலை செய்பவர்களுக்கான 'கேஸ் சேஃப்' பதிவு உள்ளவரை வைத்துச் சோதனை செய்து சான்றிதழின் பிரதியை உங்களுக்குத் தர வேண்டும். மாடிக்கு மாடி புகை அலாரமும், பாய்லர் இருக்கும், ஆட்கள் புழங்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் அவர் பொருத்த வேண்டும், கேஸ் பாய்லருக்கு இந்த இரண்டாவது அலாரம் 2022 அக்டோபரிலிருந்து கட்டாயம். வீட்டின் ஆற்றல்திறன் சான்றிதழை (EPC) அரசு இணையதளத்தில் அஞ்சல் குறியீடு போட்டு நீங்களே பார்க்கலாம். வாடகைக்கு விட்ட வீடு E தரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. இருந்தால், விலக்கு பதிவு செய்யாதவரை, ஓனர் 3,500 பவுண்ட் வரை செலவழித்துச் சரிசெய்ய வேண்டும்.

அந்தச் சான்றிதழில் லாஃப்ட் பஞ்சின் தடிமன் பெரும்பாலும் போட்டிருக்கும். 270 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தால் அதைத்தான் ஓனரிடம் கேட்பேன். ஜன்னலைவிடப் பல மடங்கு மலிவு, ஒரு நாள் வேலை. கேட்பதை மின்னஞ்சலில், படத்தோடு, மரியாதையாகக் கேளுங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

"கேட்டால் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ" என்ற பயம் நம் ஆட்களிடம் நிறைய உண்டு. அதனாலேயே பூஞ்சைச் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டு வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. 2025 அக்டோபரில் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டப்படி, காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்ல வழி தந்த, 1988ஆம் வருடத்து வீட்டுவசதிச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் கிடையாது. ஹீட்டிங்கையோ ஓதத்தையோ ஓனர் கண்டுகொள்ளவே இல்லை என்றால் கவுன்சிலுக்கு எழுதுங்கள், கடுங்குளிரும் பூஞ்சையும் அவர்கள் வந்து ஆய்வு செய்யும் அபாயப் பட்டியலில் உள்ளவை. உங்கள் பகுதி நியூஹாம். தனியார் வாடகை வீடுகளுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று 2013லேயே கொண்டுவந்த கவுன்சில் அது.

பில் உங்கள் பெயரில் வந்தால் கேஸ், கரன்ட் கம்பெனியை மாற்றிக்கொள்ளும் உரிமை உங்களுடையது. மாதம் ஒரு முறை மீட்டரைப் படம் எடுத்து ரீடிங் அனுப்புங்கள், உத்தேச பில்லில் ஏமாறாதீர்கள். சில உதவித்தொகைகள் பெறுகிறவர்களுக்குக் குளிர்காலத்தில் மின்கட்டணத்தில் 150 பவுண்ட் தள்ளுபடி உண்டு. உங்கள் விசாவில் பொதுநிதி பெற அனுமதியில்லை என்று இருந்தால் அந்த உதவித்தொகைகளுக்கு விண்ணப்பித்துவிடாதீர்கள். சின்னக் குழந்தை உள்ள வீடு என்பதால் கம்பெனியின் முன்னுரிமைச் சேவைப் பட்டியலில் இலவசமாகப் பதிவு செய்யலாம், அது உதவித்தொகை கிடையாது. பவர் கட் வந்தால் தகவலும் உதவியும் முன்னுரிமையோடு கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. ஆவி குளிர்ந்து சேரும் நீரை வெளியேற்ற, பாய்லரிலிருந்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வெளிச்சுவர் வழியாகப் போகும். உறைபனி இரவில் அதற்குள் நீர் உறைந்து, காலையில் பாய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றுவிடும். அதற்கு என்னைப் போன்ற ஒருவரைக் கூப்பிட்டால் வந்து பார்க்கவே தனியாகக் காசு கேட்போம். கெட்டிலில் கொதித்த நீரை அப்படியே ஊற்றாதீர்கள், குழாய் வெடிக்கும். கை பொறுக்கும் சூட்டில் வெதுவெதுப்பான நீரைக் குழாயின் வெளிமுனையிலிருந்து மேலே மெதுவாக ஊற்றிக்கொண்டே வாருங்கள், பனி இளகியதும் ரீசெட் பட்டனை அழுத்துங்கள். அந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்பதை இந்த வாரமே வெளியே போய்ப் பார்த்து, மனைவிக்கும் காட்டி வையுங்கள்.